இருமல் மருந்து

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா.
தினமும் இரண்டு முறை தாண்டுகிறேன்
கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம், பாதித் தூக்கத்தில்.
தமிழ்ப் பலகை முடியும்,
வளைந்து வளைந்து தெலுங்குப் பலகை வரும்,
அவ்வளவுதான் எல்லை.
லாரிகளைத்தான் நிறுத்துகிறார்கள்.
என்னை யாரும் கேட்டதில்லை.

கேட்பதெல்லாம் வேறொரு எல்லைக்கு.
அதை நான் தாண்டவில்லை,
தூக்கிக்கொண்டு தாண்டினார்கள்.
வயது இரண்டரை.
பேசாலையில் வள்ளம் ஏறும் முன்
அழுகை ரோந்துப் படகுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று
அப்பா ஒரு மூடி இருமல் மருந்து புகட்டினாராம்.
பக்கத்திலிருந்த குழந்தைக்கு இரண்டு மூடி.
அந்தக் குழந்தையைப் பற்றி அம்மா
அதற்குமேல் கதைப்பதில்லை.

நான் கண் விழித்தது மண்டபத்தில்.
யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள்.
பிறகு கும்மிடிப்பூண்டி, பத்துக்குப் பத்து,
பிறகு முப்பத்தைந்து வருடம்.

படிவத்தில் கேள்வி பதினொன்று:
இந்தியாவுக்குள் நுழைந்த விதம்.
கட்டம் சிறியது.
'உறங்கியபடி' என்று எழுதினேன்.
கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அதை அடித்துவிட்டு
'சட்டவிரோதமாக' என்று எழுதினார்.
சொல் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
வெளியே நின்றது. அவர் கவனிக்கவில்லை.

தம்பி நிரோஜன் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.
வள்ளத்தைப் படத்தில் பார்த்தவன்.
அவனுக்கும் மாதத்தில் இரண்டு நாள்
வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும்.

ஒருமுறை பத்திரிகையாளர் ஒருவர் வந்தார்.
பழவேற்காட்டுப் பூநாரைகளோடு எங்களைச் சேர்த்து
அழகாக எழுதினார்.
ஐயா,
பூநாரை பங்குனியில் கிளம்பிவிடும்.

தடா கேன்டீனில் போன வாரம் இதே பேச்சு.
யாரோ போனில் செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டார்கள்.
"பாவம்தான், இல்லேங்கல" என்றார்
எளாவூர் ஜெகதீசன், லைன் சூப்பர்வைசர்.
"இன்னைக்கு இதுங்களுக்குக் குடுத்தா
நாளைக்கு அவனவன் புள்ளைய முன்னாடி வெச்சிட்டு
படகு ஏறுவான். ஒழுங்கா வர்றவன் முட்டாளா?"
சூளூர்பேட்டை பத்மலீலா தட்டைத் தள்ளினாள்:
"பில்லலு ஏம் சேசாரு, பாபம்!"

தெலுங்கில் பாபம். தமிழில் பாவம்.
இரண்டு மொழியிலும்
இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்தான்.
இருவரும் எதைச் சொன்னார்கள் என்று
நான் கேட்கவில்லை. மோர் ஊற்றிக்கொண்டேன்.

ஜெகதீசன் கெட்டவர் இல்லை.
அம்மாவின் ஆபரேஷனுக்கு ராத்திரி ஒரு மணிக்கு
பைக்கில் வந்து ரத்தம் கொடுத்தவர்.
அன்றிலிருந்து அம்மாவுக்குள்
ஒரு யூனிட் இந்தியர் ஓடுகிறார்.
அதைக் காட்டி எதுவும் விண்ணப்பிக்க முடியாது என்று
வக்கீலும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார்:
"குழந்தைக்கு விவரம் தெரியாது, பெற்றோர் செய்த தவறு,
இப்படி வாதாடினால் கோர்ட் இரங்கும்."
கேட்க நன்றாக இருந்தது.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
நான் உள்ளே வருவதற்கு
அப்பாவை வெளியே நிறுத்த வேண்டும்.
பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் மேல்
ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு.
அதன் மேல் என் கையால் இன்னொன்று.

விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருக்கிறது,
டிபன் பாக்ஸின் எண்ணெய் ஒரு மூலையில் ஊறி.

நேற்று இரவு மகளுக்கு இருமல். வயது நாலு.
அரை மூடி என்று எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர்.
லைட்டுக்கு நேராகப் பிடித்து அளந்தேன்.
கொஞ்சம் திருப்பி ஊற்றினேன்.
மறுபடி அளந்தேன்.
"எத்தனை வாட்டிம்மா?" என்றாள்.
அவள் தூங்கிய பிறகு
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அப்பாவும் அன்றிரவு இப்படித்தான்
விரலை வைத்தபடி இருந்திருப்பார்,
இரண்டு கரையும் தெரியாத தண்ணீரில்.

ஐந்தரைக்கு பஸ்.